நீயும் போடு, நானும் போடுகிறேன்: அமெரிக்கக் கொடையும் தன்னார்வத் தொண்டும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அமெரிக்காவில் பெரிய கொடைகள் பல நிபந்தனையோடுதான் வரும். "இவ்வளவு நான் தருகிறேன், மீதியை ஊர் திரட்டட்டும்" என்ற ஏற்பாடு அங்கே 270 ஆண்டுகளுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. அது எங்கே பலித்தது, எங்கே கவிழ்ந்தது, இன்று அதற்கான சட்டமும் ரசீதும் எப்படி இருக்கின்றன என்று பலரும் கேட்பவற்றுக்கான விடைகள் கீழே.

காலனி நாட்களில் ஏழைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்?

ஊர்தான், வரிப்பணத்தில். இங்கிலாந்தின் 1601ஆம் ஆண்டு ஏழைகள் சட்டத்தைக் குடியேறிகள் கையோடு கொண்டுவந்தார்கள். ஆனால் சொந்த ஊர் ஏழைக்கு மட்டுமே உதவி. பிழைக்க வழியில்லாமல் வெளியூரிலிருந்து வந்தவருக்கு, "இங்கே தங்காதே" என்று முறைப்படி எச்சரிக்கை கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

கல்வியில் அரசுப் பணமும் தனியார் பணமும் முதல் நாளிலிருந்தே கலந்துவிட்டன. 1636இல் மாசசூசெட்ஸ் காலனியின் சட்டசபை ஒரு கல்லூரிக்கு 400 பவுண்டு ஒதுக்கியது. 1638இல் இறந்த ஜான் ஹார்வர்டு என்ற இளம் பாதிரியார் தன் சொத்தில் பாதியையும் சுமார் 400 நூல்களையும் அதற்கு எழுதிவைத்தார். பெயர் அவருடையதாயிற்று.

ஐரோப்பியரிடமிருந்துதான் கொடுக்கும் பழக்கம் வந்தது என்று எண்ணிவிட வேண்டாம். சோக்டா பழங்குடியினர் 1830களில் தங்கள் நிலத்திலிருந்து துரத்தப்பட்டு, வழியெங்கும் ஆட்களைப் பறிகொடுத்தவர்கள். 1847இல் அயர்லாந்தில் பஞ்சம் என்று கேள்விப்பட்டதும் அவர்கள் சுமார் 170 டாலர் திரட்டி அனுப்பினார்கள். அயர்லாந்துக்காரர்கள் அதை இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

"நீயும் போடு" என்ற ஏற்பாட்டைத் தொடங்கியவர் யார்?

நன்றாக ஆவணப்பட்ட முதல் உதாரணம், பின்னாளில் அமெரிக்காவை நிறுவிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் செய்தது. 1751இல் பிலடெல்பியாவில் டாக்டர் தாமஸ் பாண்டு ஒரு மருத்துவமனை கட்ட நினைத்தார். நகரத்துக்கு மட்டும் பயன்படும் விஷயத்துக்கு நாங்கள் ஏன் பணம் தர வேண்டும் என்று நாட்டுப்புறச் சட்டமன்ற உறுப்பினர்கள் கேட்டார்கள். பிராங்க்ளின் மசோதாவில் ஒரு வரி சேர்த்தார். மக்கள் 2,000 பவுண்டு திரட்டினால் மட்டுமே சட்டமன்றம் 2,000 பவுண்டு தரும்.

அவ்வளவு பணம் சேராது, செலவில்லாமல் தர்மவான் என்ற பெயர் கிடைக்கும் என்று கணக்குப் போட்ட உறுப்பினர்கள் ஆதரித்து வாக்களித்தார்கள். பொதுமக்களுக்கோ, தாங்கள் போடும் ஒவ்வொரு பவுண்டும் இரண்டாகும் என்ற ஆசை. பணம் மளமளவென்று சேர்ந்தது. தன் அரசியல் வேலைகளில் இதைப் போல மகிழ்ச்சி தந்தது வேறில்லை என்றும், இதில் இருந்த சின்னத் தந்திரத்துக்காகத் தன்னைத் தானே எளிதில் மன்னித்துக்கொண்டதாகவும் பிராங்க்ளின் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

தன்னார்வத் தீயணைப்புப் படைகள் இன்னும் இருக்கின்றனவா?

இருக்கின்றன. அமெரிக்காவின் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இன்றும் சம்பளம் வாங்காதவர்கள், பெரும்பாலும் சிற்றூர்களில். இதற்கும் பிராங்க்ளின் கைவரிசை உண்டு. 1736இல் அவர் அமைத்த யூனியன் படையில் சுமார் முப்பது பேர். ஒவ்வொருவரும் தோல் வாளிகளும், எரியும் வீட்டிலிருந்து சாமான்களை அள்ள சாக்குகளும் கூடைகளும் சொந்தச் செலவில் தயாராக வைத்திருக்க வேண்டும். மாதக் கூட்டத்துக்கு வராதவருக்கு அபராதம். சேர்ந்த அபராதத்தில் தீயணைப்பு எந்திரமும் ஏணியும் வாங்கினார்கள்.

பெருநகரங்களில் இந்த முறை கெட்டுப்போனது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் படைகள் அரசியல் கும்பல்களாகவும் தெருச் சண்டைக் கோஷ்டிகளாகவும் மாறியிருந்தன. யார் முதலில் தண்ணீர் அடிப்பது என்று இரண்டு படைகள் அடித்துக்கொள்ளும்போது கட்டடம் எரிந்து முடிந்திருக்கும். 1853இல் சின்சினாட்டி நகரம் சம்பளப் படைக்கு மாறியது. நீராவி எந்திரம் வந்துவிட்டதால் பம்பு அடிக்கப் பெருங்கூட்டமும் தேவைப்படவில்லை. மற்ற நகரங்கள் பின்தொடர்ந்தன.

கறுப்பின மக்களின் பங்கு என்ன?

பாடநூல்களில் இது வெகுகாலம் ஓரமாகவே கிடந்தது. 1787இல் ரிச்சர்டு ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும் பிலடெல்பியாவில் சுதந்திர ஆப்பிரிக்கச் சங்கத்தைத் தொடங்கினார்கள். மாதச் சந்தா ஒரு வெள்ளி ஷில்லிங். ஓராண்டு கட்டியவர் கஷ்டத்தில் விழுந்தால் வாரம் 3 ஷில்லிங் 9 பென்ஸ் கிடைக்கும், அந்தக் கஷ்டம் அவரே தேடிக்கொண்டதாக இல்லாதவரை. கைம்பெண்களுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வழி செய்திருந்தார்கள். ஒருவர் கொடுத்து இன்னொருவர் வாங்குவது என்றில்லாமல் எல்லாருமே இரண்டு பக்கமும் நிற்கும் ஏற்பாடு இது.

1793இல் மஞ்சள் காய்ச்சல் வந்து, வசதியுள்ளவர்கள் ஊரைக் காலி செய்தபோது, நோயாளிகளைப் பார்த்ததும் பிணங்களை எடுத்ததும் இந்தச் சங்கத்தார்தான். கறுப்பருக்கு அந்தக் காய்ச்சல் தொற்றாது என்று மருத்துவர்கள் சொன்னது பொய்யாகி, அவர்களிலும் பலர் இறந்தார்கள். பிறகு அச்சகக்காரர் மேத்யூ கேரி, அவர்கள் அளவுக்கு மீறிக் காசு வாங்கினார்கள் என்று எழுதினார். ஜோன்ஸும் ஆலனும் 1794இல் வரவு செலவுக் கணக்கோடு மறுப்பு நூல் வெளியிட்டார்கள். தொண்டு செய்தவரே கணக்குக் காட்டித் தன் மானத்தைக் காக்க வேண்டியிருந்தது.

ஜூலியஸ் ரோசன்வால்டு பள்ளிகள் என்பவை எவை?

தபால்வழி விற்பனையில் பெரிதான சியர்ஸ் நிறுவனத்தின் தலைவர் ரோசன்வால்டும், கறுப்பினத்தவருக்கான டஸ்கிகீ கல்விக்கூடத்தை நடத்திய புக்கர் டி. வாஷிங்டனும் 1912இல் அலபாமாவில் சில சிறு பள்ளிகளோடு தொடங்கினார்கள். 1932க்குள் தெற்கின் 15 மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக 4,977 பள்ளிகள் எழுந்தன. மொத்தச் செலவு சுமார் 2.84 கோடி டாலர். இதில் ரோசன்வால்டு நிதி கொடுத்தது 43 லட்சம். கறுப்பின மக்கள் தாங்களே திரட்டியது 47 லட்சம். பெரும்பகுதி பொது வரிப்பணம், ஒரு சிறு பங்கு வெள்ளையர் நன்கொடை.

அந்த 47 லட்சத்தைக் கவனிக்க வேண்டும். பள்ளிகளுக்கு ரோசன்வால்டு பெயர் வந்தது, ஆனால் அவரைவிடக் கூடுதலாகப் போட்டவர்கள் குத்தகை விவசாயிகள். நிலம் கொடுத்தார்கள், மரம் வெட்டினார்கள், கோழி விற்றார்கள். பள்ளிக்கென்றே ஒரு துண்டு நிலத்தில் பருத்தி போட்டு, அந்த விளைச்சலை அப்படியே கொடுத்தார்கள். ஏற்கெனவே வரி கட்டியும், அந்த வரி வெள்ளையர் பள்ளிகளுக்கே பெரும்பாலும் போனதால், ஒரே பள்ளிக்கு இரண்டு முறை பணம் கட்டியவர்கள் இவர்கள்.

கட்டட வரைபடத்தை நிதியமே கொடுத்தது. மின்சாரம் இல்லாத ஊர்கள் என்பதால் வகுப்பறையின் உயரமான சன்னல்கள் கிழக்கையோ மேற்கையோ பார்த்து வரிசையாக இருக்கும்படி திட்டமிட்டிருந்தார்கள். இடம் எந்தத் திசையில் கிடைத்தாலும் பொருந்த, ஒரே கட்டடத்துக்கு வெவ்வேறு வரைபடங்கள் இருந்தன.

ரோசன்வால்டு நிதி இப்போது எங்கே?

இல்லை, 1948இல் மூடிவிட்டார்கள். தான் இறந்து 25 ஆண்டுகளுக்குள் கடைசிக் காசு வரை செலவாகிவிட வேண்டும் என்பது அவர் இட்ட விதி. என்றென்றைக்கும் இருக்கும் அறக்கட்டளைகள் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. வருங்காலத்தின் தேவை என்னவென்று செத்தவருக்கு எப்படித் தெரியும் என்பது அவர் வாதம்.

அவர் சொன்னதற்குச் சான்றுகள் உண்டு. பிராங்க்ளின் பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் ஆளுக்கு 1,000 பவுண்டு எழுதிவைத்தார். தொழில் பழகி முடித்த 25 வயதுக்குட்பட்ட மணமான இளைஞர்களுக்கு 5 சதவீத வட்டியில் கடன் தர வேண்டும், 200 ஆண்டுகள் அது வளர வேண்டும். ஆனால் தொழிற்சாலைகள் வந்ததும் அப்படிப்பட்ட பயிற்சித் தொழிலாளர்களே குறைந்துபோனார்கள். கடன் கேட்க ஆளில்லை, வாங்கியவர்கள் பலர் திருப்பிக் கட்டவுமில்லை. 1990இல் பாஸ்டன் நிதியில் 40 லட்சம் டாலருக்கு மேல் இருந்தது, பிலடெல்பியாவில் ஏறத்தாழ அதில் பாதி. முதலீட்டில் வைத்தது வளர்ந்தது, அவர் விரும்பிய கடன் திட்டம் தேய்ந்தது.

இன்னும் கசப்பானது ஸ்டீபன் ஜிரார்டின் உயில். 1831இல் இறந்த இந்தப் பெரும் பணக்காரர், ஏழை வெள்ளை அனாதைச் சிறுவர்களுக்கு மட்டும் என்று பிலடெல்பியாவில் பள்ளி அமைக்கச் சொன்னார். அந்த ஒரு சொல்லை மீறிக் கறுப்பினச் சிறுவர்கள் உள்ளே போக 1968 வரை வழக்காட வேண்டியிருந்தது.

கார்னகி நூலகங்களுக்கு எப்படிப் பணம் கிடைத்தது?

எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி அமெரிக்காவில் மட்டும் 1,600க்கு மேற்பட்ட பொது நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தார். நடைமுறை எளிமையானது. ஊர் கடிதம் எழுதும். செயலர் ஜேம்ஸ் பெர்ட்ராம் ஒரு கேள்விப் படிவம் அனுப்புவார்: மக்கள்தொகை எவ்வளவு, இப்போது நூலகம் உண்டா, இடம் இருக்கிறதா. தொகை பெரும்பாலும் தலைக்கு 2 டாலர் என்ற கணக்கில். நிபந்தனை இரண்டு. இடத்தை ஊர் கொடுக்க வேண்டும், கொடையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் வரியிலிருந்து ஒதுக்குவதாகத் தீர்மானம் போட வேண்டும். 10,000 டாலர் வாங்கினால் ஆண்டுக்கு 1,000 டாலர். புத்தகத்துக்கு அவர் காசு தரவில்லை.

கெட்டது எங்கே? ஆரம்பத்தில் ஊர்கள் குவிமாடம், அலங்காரத் தூண், கணப்படுப்பு என்று செலவழித்துவிட்டு அலமாரிக்கு இடமில்லாமல் நின்றன. எனவே 1911இல் பெர்ட்ராம் சிக்கனமான கட்டட அமைப்புகளைக் காட்டும் சிறு குறிப்பேடு ஒன்றை அச்சிட்டு அனுப்பினார். இன்னொன்று, கட்டடம் வந்ததும் பல ஊர்கள் பத்தில் ஒரு பங்கு வாக்குறுதியை மறந்துவிட்டன. 1917க்குப் பிறகு புதிய ஊர்களுக்குப் பணம் தருவது நின்றது. 1892இல் ஹோம்ஸ்டெட் ஆலையில் வேலைநிறுத்தத்தை ரத்தம் சிந்த ஒடுக்கிய நிறுவனத்தின் முதலாளி இவர் என்பதால், தொழிற்சங்கங்கள் சில ஊர்களில் இந்தக் காசே வேண்டாம் என்றன. கூலியைக் கூட்டிக் கொடுத்திருந்தால் நாங்களே புத்தகம் வாங்கியிருப்போமே என்ற கேள்விக்குச் சரியான பதில் இன்றுவரை இல்லை.

பெண்கள்?

தொண்டின் பெரும்பகுதி அவர்கள் கையில்தான் ஓடியது, கையெழுத்துப் போடும் உரிமை மட்டும் இல்லாமல். உள்நாட்டுப் போரில் காயம்பட்ட வீரர்களுக்காக மேரி லிவர்மோரும் ஜேன் ஹோகும் 1863இல் சிகாகோவில் ஒரு சந்தை நடத்தினார்கள். கட்டடம் கட்ட ஒப்பந்தம் போடப் போனால், ரொக்கம் கையில் இருந்தும், மணமான பெண்ணின் கையெழுத்து செல்லாது, கணவர் போட வேண்டும் என்றார் ஒப்பந்தக்காரர். சந்தையில் எதிர்பார்த்தது 25,000 டாலர், வந்தது அதைப் போல மூன்று மடங்குக்கு மேல். லிங்கன் அடிமை விடுதலைப் பிரகடனத்தின் கையெழுத்துப் படியை அனுப்பிவைத்தார், அது 3,000 டாலருக்குப் போனது. 1871 சிகாகோ பெருந்தீயில் அது எரிந்துபோனது வேறு கதை.

சில்லறைக் காசு வசூல் எப்போது பெரிதானது?

காசநோய்க்காக 1907இல் டெலவேரில் எமிலி பிசெல் ஒரு சென்டுக்கு ஒன்று என்று, கடித உறையில் ஒட்டும் கிறிஸ்துமஸ் ஒட்டுவில்லைகள் விற்றார். டென்மார்க்கிலிருந்து எடுத்த யோசனை. பெரிய பாய்ச்சல் 1938இல். போலியோவுக்காக அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய அமைப்புக்கு, பத்து சென்டு நாணயத்தை நேரே வெள்ளை மாளிகைக்கு அனுப்பச் சொல்லி வானொலியில் நகைச்சுவை நடிகர் எட்டி கேன்டர் கேட்டார். 26 லட்சத்துக்கு மேற்பட்ட நாணயங்கள் வந்து குவிந்து, வெள்ளை மாளிகையின் வழக்கமான தபால் புதைந்துபோனது. அந்த அமைப்பு திரட்டிய பணத்தில்தான் போலியோவுக்கான சால்க் தடுப்பூசி ஆய்வு நடந்தது. 1954 சோதனையில் சுமார் 18 லட்சம் பிள்ளைகள் பங்கேற்றார்கள், 1955 ஏப்ரல் 12 அன்று முடிவு வெளியானது. ரூஸ்வெல்ட் முகம் பத்து சென்டு நாணயத்தில் இருப்பதற்கும் இந்த வசூலே காரணம்.

வரிச்சலுகைக்காகத்தான் கொடுக்கிறார்களா?

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை வரிச்சலுகை வருமுன்பே நடந்தவை. வருமான வரி 1913இல் வந்தது. முதல் உலகப் போருக்காக 1917இல் உச்ச விகிதம் 67 சதவீதமானபோது, பணக்காரர் கல்லூரிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில், வருமானத்தில் 15 சதவீதம் வரை நன்கொடையைக் கழித்துக்கொள்ள அனுமதித்தார்கள். தொண்டு அமைப்புகளுக்கு வரிவிலக்கு தரும், 501(சி)(3) என்று எல்லாரும் சொல்லும் பிரிவு எண் 1954 சட்டத்தில் வந்தது. தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு செலவிட்டாக வேண்டும் என்ற விதி 1969இல் பிறந்தது. இன்று அது சொத்து மதிப்பில் 5 சதவீதம்.

சாதாரணச் சம்பளக்காரருக்குச் சலுகை பெரும்பாலும் ஏட்டளவில்தான். செலவுகளைப் பட்டியலிடாமல், சட்டம் எல்லாருக்கும் தரும் பொதுக் கழிவை எடுப்பவர் நன்கொடையைத் தனியாகக் கழிக்க முடியாது. 2017 சட்டம் பொதுக் கழிவை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியதால், பத்தில் ஒருவர்தான் இப்போது செலவுகளைப் பட்டியலிடுகிறார். 2026 முதல் ஒரு மாற்றம் உண்டு. பட்டியலிடாதவரும் ரொக்க நன்கொடையில் தனிநபர் 1,000 டாலர், தம்பதியர் 2,000 டாலர் வரை கழிக்கலாம். பெரிய தொகை தருபவர்கள் இரண்டு ஆண்டு நன்கொடையை ஒரே ஆண்டில் கொடுத்து, அந்த ஆண்டில் மட்டும் பட்டியலிடுவது வழக்கம்.

இன்று மொத்தம் எவ்வளவு?

2024இல் சுமார் 59,250 கோடி டாலர் என்பது கிவிங் யுஎஸ்ஏ என்ற ஆண்டறிக்கையின் மதிப்பீடு. மூன்றில் இரண்டு பங்கு தனிமனிதர் தந்தது. பெருநிறுவனங்களின் பங்கு வெறும் 7 சதவீதம், விளம்பரத்தைப் பார்த்தால் 70 என்று தோன்றும். தொண்டைப் பொறுத்தவரை, 2022 செப்டம்பர் முதல் ஓராண்டில் 7.57 கோடிப் பேர், அதாவது 28.3 சதவீதத்தினர், அமைப்புகள் வழியாக 499 கோடி மணி நேரம் உழைத்தார்கள். கொரோனாக் காலத்தில் அது 23.2 சதவீதமாகச் சரிந்திருந்தது.

ரசீதில் எங்கே தவறு நடக்கிறது?

ஒரே தடவையில் 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தால் காசோலை நகல் போதாது. அமைப்பிடமிருந்து எழுத்து மூலம் ஒப்புகை வேண்டும், அதுவும் வரிக்கணக்கைத் தாக்கல் செய்வதற்கு முன்பே. அதில் "பதிலுக்குப் பொருளோ சேவையோ தரப்படவில்லை" என்ற வரி இருக்க வேண்டும். 2012இல் ஒரு தம்பதியர் தேவாலயத்துக்குக் கொடுத்த 22,000 டாலருக்கு மேற்பட்ட தொகையை, இந்த ஒரு வரி இல்லாததால் வரி நீதிமன்றம் ஏற்கவில்லை. பிறகு திருத்தி வாங்கி வந்த கடிதமும் செல்லவில்லை.

பொங்கல் விழா இரவு விருந்துக்கு 100 டாலர் சீட்டு, சாப்பாட்டின் மதிப்பு 40 என்றால், நன்கொடை 60 மட்டுமே. சீட்டு 75 டாலருக்கு மேல் போனால் இந்தக் கணக்கை அமைப்பே எழுத்தில் சொல்ல வேண்டும். பொருளாகக் கொடுப்பது 500 டாலரைத் தாண்டினால் 8283 படிவம், 5,000 டாலரைத் தாண்டினால் பெரும்பாலும் மதிப்பீட்டாளர் சான்று. நேரத்துக்கும் ரத்தத்துக்கும் கழிவு இல்லை. தொண்டுக்காக ஓட்டிய காருக்கு மைலுக்கு 14 சென்டு உண்டு. 1990களில் சட்டத்திலேயே எழுதிவிட்ட எண் என்பதால் பெட்ரோல் விலை ஏறியும் அது அசையவில்லை.

சிறு சங்கம் தொடங்கினால்?

மாநிலத்தில் பதிவு, வரி எண், விதிமுறைகள், பிறகு வரிவிலக்கு கேட்கும் 1023 படிவம் (கட்டணம் 600 டாலர், சிறு அமைப்புகளுக்கான சுருக்கப் படிவம் 275). பதிவான 27 மாதங்களுக்குள் விண்ணப்பித்தால் சலுகை முதல் நாளிலிருந்தே செல்லும். வசூலிக்கும் மாநிலங்களில் தனி அனுமதியும் தேவைப்படலாம். வழக்கமான வரவு 50,000 டாலருக்குள் இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை 990-என் என்ற இணையக் குறும்படிவம் போதும். அதைத்தான் மறப்பார்கள். செயலர் மாறுவார், கடவுச்சொல் தொலையும், மூன்று ஆண்டு தொடர்ந்து விட்டால் தகுதி தானாகவே ரத்தாகும். மன்னிப்பு இல்லை, மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம்.

தமிழ் மண்ணுக்கு இந்தப் பணம் வந்ததா?

1816இலேயே வந்தது. பாஸ்டனை மையமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் இறங்கி, 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும் 1824இல் உடுவில் மகளிர் பள்ளியையும் தொடங்கியது. நியூ இங்கிலாந்துத் தேவாலயங்களில் திரட்டிய சிறு தொகைகளே முதல். இங்கேயும் நிபந்தனை இருந்தது: ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்பவர் அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைக்கலாம். காரல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்ற பெயர்கள் அப்படிப்பட்ட வழக்கத்தின் எச்சம். காரல் விசுவநாதபிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரு பி.ஏ. பட்டதாரிகளில் ஒருவர்.

வேலூரில் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடரின் 1902 மருத்துவமனை, ராபர்ட் ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர் தன் மனைவி நினைவாகத் தந்த 10,000 டாலரில் எழுந்தது. 1920களில் ராக்பெல்லர் குடும்ப நிதி ஒன்று, ஆசியாவின் ஏழு மகளிர் கல்லூரிகளுக்கு 20 லட்சம் டாலர் திரட்டினால் 10 லட்சம் தருவதாகச் சொன்னது. அமெரிக்கப் பெண்கள் திரட்டிக் காட்டினார்கள். அந்த ஏழில் வேலூர் மருத்துவக் கல்லூரியும் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியும் உண்டு. 2018இல் காற்று எதிர்த்திசையில் வீசியது. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்குத் தமிழர்கள் 60 லட்சம் டாலர் சேர்த்துக் கொடுத்தார்கள், தமிழக அரசின் 10 கோடி ரூபாயும் அதில் அடக்கம்.

அமெரிக்காவிலிருந்து தமிழ்நாட்டு அமைப்புக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் நேரே அனுப்பினால் அமெரிக்க வரிக்கழிவு கிடைக்காது. அமெரிக்காவில் பதிவான அமைப்பு வழியாகப் போக வேண்டும், பணத்தை எதற்குச் செலவிடுவது என்ற முடிவும் அந்த அமைப்பிடம் இருக்க வேண்டும். வெறும் குழாயாக இருக்கக் கூடாது. இந்தியப் பக்கத்தில் பெறுபவருக்கு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும், பணம் முதலில் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்குக்கே வர வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கியவர் இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. ஒரு பெரிய அறக்கட்டளைக்கு அனுப்பி நம்ம ஊர்ப் பள்ளிக்குக் கைமாற்றச் சொல்வது இதனால்தான் நடக்காது.

இந்தியக் குடியுரிமை வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் ஆகும், ஓசிஐ என்ற வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினர் அட்டை இருந்தாலும். பெறுபவர்கள் இதைக் கேட்டு எழுதி வாங்கிவைத்துக்கொள்வது நல்லது.

அலுவலகமும் கூடச் சேர்ந்து போடும் என்கிறார்களே?

பிராங்க்ளினின் தந்திரம்தான் அது. ஜெனரல் எலக்ட்ரிக் 1954இல் ஊழியர் தரும் நன்கொடைக்கு ஈடாகத் தானும் தரத் தொடங்கியது, இன்று பல நிறுவனங்கள் செய்கின்றன. தொண்டு செய்த மணி நேரத்துக்குப் பணம் தருவதும் உண்டு. பெரும்பாலானோர் கோட்டைவிடுவது விண்ணப்பிப்பதில்தான். நன்கொடை ரசீதை அலுவலக இணையத்தில் ஏற்ற வேண்டும், அமைப்பு அதை உறுதி செய்ய வேண்டும், கெடு சில இடங்களில் ஆண்டு முடிவோடு சரி. டிசம்பர் கடைசி வாரத்தில் கொடுப்பவர்கள் அன்றைக்கே படிவத்தையும் போட்டுவிடுங்கள்.